4.1 வாங்கிய ஆட்டம் 3.2 வாங்கியதற்குக் கீழே போவது எப்படி? (கேம் ஜாம் ரேட்டிங்)

ராக்கோழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் முதல் தடவையாக ஒரு கேம் ஜாமில் (குறித்த நேரத்துக்குள் ஒரு ஆட்டத்தைச் செய்து முடிக்கும் நிகழ்வு) கலந்துகொண்டேன். மூன்று நாள், தனி ஆள். ஆட்டம் சின்னதுதான். கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, வெளியே காற்று. விளக்கு அணைவதற்குள் ஊர் எல்லைக்குப் போய்ச் சேர வேண்டும். திரியைத் தூண்டினால் வழி தெரியும், ஆனால் எண்ணெய் சீக்கிரம் தீரும். திரியை இறக்கினால் எண்ணெய் மிஞ்சும், பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

நேற்று முடிவு வந்தது. என் ஆட்டத்துக்கு நேராக இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒன்று 4.111, இன்னொன்று 3.083. வரிசைப்படுத்தியிருப்பது இரண்டாவதை வைத்து. எனக்கு மேலே உள்ள ஒரு ஆட்டத்துக்கு இரண்டு இடத்திலும் 3.2 என்றே இருக்கிறது. விளையாடிய ஒன்பது பேரும் எனக்கு நல்லபடியாகத்தான் கமென்ட் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஒரு மார்க் எங்கே போனது? ஏதாவது விதியை மீறிவிட்டேனா? நடத்துபவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, நீங்கள் எதையும் மீறவில்லை. யாரும் உங்கள் மார்க்கைப் பிடுங்கவும் இல்லை. சிறு ஆட்டங்களை ஏற்றி வைக்கும் இட்ச் (itch.io) தளத்தில் நடக்கும் ஜாம்களில் இதுதான் வழக்கமான கணக்கு. முதல் எண் வந்த நட்சத்திரங்களின் வெறும் சராசரி. இரண்டாவது, எத்தனை பேர் ரேட்டிங் போட்டார்கள் என்பதையும் சேர்த்துத் திருத்தியது.

எப்படித் திருத்துகிறார்கள் என்றால், ஜாமில் உள்ள எல்லா ஆட்டங்களையும் வாங்கிய ரேட்டிங் எண்ணிக்கைப்படி அடுக்கி, நடுவில் நிற்பது எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதுதான் இடைநிலை எண். அந்த அளவோ அதற்கு மேலோ ரேட்டிங் வாங்கியவர்களின் சராசரியில் கை வைக்க மாட்டார்கள். குறைவாக வாங்கியிருந்தால், உங்கள் எண்ணிக்கையை இடைநிலை எண்ணால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, சராசரியோடு பெருக்குவார்கள்.

உங்கள் எண்களை வைத்துப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 3.083ஐ 4.111ஆல் வகுத்தால் 0.75. அப்படியென்றால் அந்த ஜாமின் இடைநிலை எண் 16. ஒன்பதைப் பதினாறால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சரியாக முக்கால். கால் பங்கு அங்கேதான் போயிருக்கிறது. 3.2 வாங்கியவருக்குப் பதினாறோ அதற்கு மேலோ ரேட்டிங் வந்திருக்கும், அதனால் அவர் எண் அப்படியே நின்றுவிட்டது.

விசைப்பலகை எழுதியது:

கணக்கு புரிகிறது, நியாயம்தான் புரியவில்லை. ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்பதற்கு ஆட்டத்தைச் செய்தவர் என்ன பண்ணுவார்? விளையாட வந்த ஒன்பது பேருக்கும் பிடித்திருக்கிறது. வராதவர்களுக்காக மார்க்கைக் குறைப்பது, பரீட்சைக்கு வராத பையனுக்காக வந்த பையனை அடிப்பது போல இருக்கிறது. பெரிய ஜாம்களில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களின் ஆட்டத்தைத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்களை இன்னும் மேலே தூக்கிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் கோபம் எனக்கும் இருந்ததுதான். ஆனால் எதுவுமே திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். என் ஆட்டத்தை ஊருக்கே காட்டாமல் நண்பர்கள் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டு ஐந்து, ஐந்து போடச் சொல்கிறேன். சராசரி 5. முதல் இடம் எனக்கு! இதைத் தடுக்க ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

வேறு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜாமின் பொதுச் சராசரியில் சில கற்பனை ரேட்டிங்கை முன்கூட்டியே சேர்த்துவிடுவது. பொதுச் சராசரி 3 என்றும், சேர்ப்பது ஐந்து என்றும் வைப்போம். ராக்கோழிக்கு வந்தது மொத்தம் 37 நட்சத்திரம், ஒன்பது பேர். அதோடு 15 சேர்த்துப் பதினாலால் வகுத்தால் 3.71. இருபத்தைந்து பேரிடம் 3.2 வாங்கியவருக்கு 3.17தான் வரும். தம்பி அவரைத் தாண்டிவிடுவார். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் குறைவாக விளையாடப்பட்ட ஆட்டத்தை இது ‘மோசம்’ என்று சொல்வதில்லை, ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லி நடுவே நிறுத்துகிறது. ஆனால் அந்த இரண்டு நண்பர்கள் வித்தை? 10 கூட்டல் 15, ஏழால் வகுத்தால் 3.57. நேர்மையாக 25 பேரிடம் 3.2 வாங்கியவரை ஏமாற்றுக்காரர் முந்திவிடுகிறார். வர்க்கமூலக் கணக்கில் அதே ஆளுக்கு 1.77தான் கிடைக்கும். கடுமையாக வைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ராக்கோழி, இன்னொன்றும் கவனியுங்கள். பத்தாவதாக ஒருவர் வந்து வெறும் 3 போட்டிருந்தால்? சராசரி 4.0க்கு இறங்கும், ஆனால் திருத்திய எண் 3.16க்கு ஏறும். 2 போட்டிருந்தால்கூட அதே 3.083தான். அதாவது, உங்கள் ஆட்டத்தை அரைகுறையாகப் பிடித்த ஒருவர் ஒருபோதும் உங்களைக் கீழே தள்ளியிருக்க மாட்டார். கமென்ட் பகுதியில் போய் “விளையாடிப் பாருங்கள்” என்று சொல்லத் தயங்குபவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மரவட்டை எழுதியது:

நான் லூடம் டேர் என்ற இணைய கேம் ஜாமில் பல வருடமாகக் கலந்துகொள்கிறேன், அங்கே எப்படி என்று சொல்கிறேன். 2002இல் தொடங்கியது அது. ‘காம்போ’ என்றால் தனி ஆள், 48 மணி நேரம், படம், இசை, நிரல் எல்லாம் அந்த நேரத்துக்குள் தானே செய்தது. ‘ஜாம்’ என்றால் 72 மணி நேரம், குழுவாகவும் செய்யலாம். நடுவர் கிடையாது. கலந்துகொண்டவர்களே ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் விளையாடி நட்சத்திரம் போட வேண்டும், அதற்குச் சுமார் மூன்று வாரம் கிடைக்கும்.

அங்கே மார்க்கைக் குறைக்கும் பேச்சே இல்லை. இருபது ரேட்டிங் வர வேண்டும், வராவிட்டால் தரவரிசையில் இடமே இல்லை. அது கடுமையாகத் தோன்றும். ஆனால் எனக்கு அதுதான் மரியாதையாகப் படுகிறது. பார்க்கப்படாத ஆட்டத்துக்கு நானூறாவது இடம் என்று முத்திரை குத்துவதைவிட, ‘இதைப் பற்றிச் சொல்லப் போதுமான ஆள் விளையாடவில்லை’ என்று விட்டுவிடுவது நல்லதில்லையா?

விசைப்பலகை, “செய்தவர் என்ன பண்ணுவார்” என்று கேட்டீர்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. லூடம் டேரில் ஆட்டங்களின் பட்டியல் திறந்தவுடன் வரும் வரிசை எதேச்சையானதில்லை. மற்றவர்களுக்கு நிறைய ரேட்டிங் கொடுத்து, தனக்குக் குறைவாக வாங்கியவரின் ஆட்டத்தை மேலே காட்டும். இட்சிலும் ‘கர்மா’ என்று கிட்டத்தட்ட அதே யோசனை உண்டு. நான் ஒவ்வொரு முறையும் முப்பது, நாற்பது ஆட்டம் விளையாடுவேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, காலையில் ஒன்று. நாலு வரியாவது எழுதுவேன்: எங்கே மாட்டிக்கொண்டேன், எங்கே சிரித்தேன், எந்தச் சத்தம் பிடித்தது. எழுதினவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து என் ஆட்டத்தைத் திறப்பார்கள். இது வியாபாரம் இல்லை. நம் வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கு நாமும் ஒரு நடை போய் வருவது போலத்தான்.

ராக்கோழி, இரண்டு கேள்வி. நீங்கள் எத்தனை ஆட்டத்துக்கு ரேட்டிங் போட்டீர்கள்? உங்கள் ஆட்டம் பிரவுசரிலேயே ஓடுமா, இறக்கி விளையாட வேண்டுமா?

ராக்கோழி எழுதியது:

நாலு ஆட்டத்துக்குத்தான் போட்டேன் அக்கா. மூன்றாவது நாள் முடிந்ததும் உடம்பு ஒத்துழைக்கவில்லை, நாலு நாள் கணினிப் பக்கமே போகவில்லை.

பிரவுசரில் ஓடவைக்கப் பார்த்தேன். கோடாட் 4.2 என்ற ஆட்டம் செய்யும் மென்பொருளில் செய்தது. என் கணினியில் நன்றாக ஓடியது, பக்கத்தில் ஏற்றிய பிறகு ஆட்டம் தொடங்காமல் ஏதோ பிழைச் செய்தி மட்டும் வந்தது. கெடு முடிய இருபது நிமிடம் இருந்தது. பயந்துபோய் விண்டோஸ் ஜிப்பை ஏற்றிவிட்டேன். 180 எம்பி. இசைக் கோப்புகளைச் சுருக்க நேரமில்லை.

ஒலிப்பெட்டி எழுதியது:

இதோ அகப்பட்டது காரணம். நூற்றுக்கணக்கில் ஆட்டம் இருக்கும்போது, முன்பின் தெரியாதவர் செய்த 180 எம்பி ஜிப்பை இறக்கி, விண்டோஸ் எச்சரிக்கையைத் தாண்டி யார் திறப்பார்கள்? மேக் வைத்திருப்பவர், லினக்ஸ்காரர், அலுவலகக் கணினியில் இடைவேளையில் விளையாடுபவர் எல்லோரும் அங்கேயே போய்விட்டார்கள். ஒன்பது பேர் வந்ததே உங்கள் ஸ்கிரீன்ஷாட் நன்றாக இருந்ததால்தான் இருக்கும்.

அந்தப் பிழை பற்றி: கோடாட் 4இன் முதல் சில பதிப்புகளில் வெப் பில்ட் (பிரவுசரில் ஓடும் வடிவம்) ஓட ‘ஷேர்டு அரே பஃபர்’ என்ற பிரவுசர் நினைவகப் பகிர்வு வசதி தேவை. இட்சில் ஆட்டத்தின் எடிட் பக்கத்தில் அதற்கென்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, பெரும்பாலும் அதைப் போட்டாலே ஓடிவிடும். 4.3 முதல் த்ரெட் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் முறை) இல்லாமல் ஏற்றுமதி செய்யலாம், அப்போது அந்தத் தொல்லையே இல்லை. அப்புறம் இசையைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக வைக்காமல், சுருக்கிய ஓஜிஜி கோப்பாக மாற்றுங்கள், 180 எம்பி எங்கே போனது என்றே தெரியாது. முதல் திரையில் ஒரு ‘தொடங்கு’ பொத்தான் கட்டாயம். பயனர் ஒருமுறை சொடுக்கும் வரை பிரவுசர் சத்தத்தை விடாது. நேராக ஆட்டத்துக்குள் போனால் காற்றுச் சத்தம் கேட்காமல் போயிருக்கும், உங்கள் ஆட்டத்தில் காற்றுதானே உயிர்.

அடுத்த முறை, ஜாம் தொடங்கிய முதல் நாளே ஒரு வெறும் சதுரம் நகரும் பில்டை ஏற்றிப் பாருங்கள். கடைசி மணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

விசைப்பலகை எழுதியது:

எல்லாம் சரி, ஏமாற்றுபவர்கள் பற்றி யாருமே பேசவில்லையே. நான் கலந்துகொண்ட ஒரு ஜாமில் ஒரு கூட்டம் தங்களுக்குள் ஐந்து, ஐந்து போட்டுக்கொண்டது. பட்டியலில் பக்கத்தில் இருந்த ஆட்டங்களுக்கு ஒரு நட்சத்திரம். என் ஆட்டத்துக்கு ஒரே இரவில் மூன்று ஒற்றை நட்சத்திரம் வந்தது, கமென்ட் ஒன்றுகூட இல்லை. பத்தொன்பது பேரிடம் வாங்கியிருந்த 3.9 காலையில் 3.5 ஆகிவிட்டது. இரண்டு வருடம் ஆகிறது, அதன் பிறகு நான் எந்த ஜாமிலும் கலந்துகொள்ளவில்லை.

பிக்சல்பொட்டு எழுதியது:

படிக்கவே வருத்தமாக இருக்கிறது நண்பா. இதைத் தடுக்க நடத்துபவர்களுக்குச் சில வழிகள் உண்டு. யார் ரேட்டிங் போடலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்: எல்லோருமா, ஆட்டம் சமர்ப்பித்தவர்கள் மட்டுமா, குறிப்பிட்ட நடுவர்கள் மட்டுமா என்று. சமர்ப்பித்தவர்கள் மட்டும் என்று வைத்தாலே வெளியிலிருந்து ஆள் கூட்டி வருவது பெருமளவு நின்றுவிடும். சில ஜாம்களில் ஒவ்வொருவருக்கும் விளையாட வேண்டிய ஆட்டங்களைத் தளமே எடுத்துக் கொடுக்கிறது, அதனால் கூட்டுச் சேர்ந்து போடுவது கஷ்டம்.

நான் சொல்ல வந்தது வேறு. நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று நமக்குள்ளேயே ஒப்பந்தம் கிடையாது. பலருக்கு 3 என்றால் ‘சுமார்’. எனக்கு 3 என்றால் மூன்று நாளில் செய்த ஒரு நல்ல, முழுமையான ஆட்டம். 5 போடுவது ஒரு ஜாமுக்கு ஒன்றோ இரண்டோதான். என் கையில் 3 வாங்கியவர் மனம் நொந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் முதல் பத்து ஆட்டத்துக்குப் போட்ட ரேட்டிங்கை நான் இப்போதெல்லாம் கடைசியில் திரும்பிப் பார்த்து மாற்றுகிறேன். முதலில் விளையாடியதற்குத் தெரியாமல் கஞ்சத்தனம் பண்ணியிருப்போம்.

பிரிவுகளையும் பாருங்கள். லூடம் டேரில் மொத்தத்தைத் தவிர வேடிக்கை, புதுமை, தலைப்புப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை என்று தனித்தனியாக உண்டு. விளக்கு ஆட்டம் மாதிரி ஒன்றுக்கு வேடிக்கையில் 3.3 வந்து மனநிலையில் 4.4 வந்தால், அது தோல்வியே இல்லை. நீங்கள் செய்ய நினைத்தது அதுதானே! படத்தையோ இசையையோ வேறு இடத்திலிருந்து எடுத்திருந்தால் அந்தப் பிரிவிலிருந்து விலகிக்கொள்ளலாம், விலகுவதுதான் முறை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிக்சல்பொட்டு சொன்னதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். ஒரே ஆட்டத்துக்கு ஆளாளுக்குப் போடும் நட்சத்திரம் ஏறக்குறைய ஒன்று முன்னே பின்னே இருக்கும் என்று வைப்போம். இருபத்தைந்து பேர் போட்டால் சராசரியில் 0.2 அளவுக்குச் சறுக்கல் எப்போதும் இருக்கும். வேறு இருபத்தைந்து பேர் வந்திருந்தால் 3.2 என்பது 3.4 ஆகியிருக்கலாம், 3.0 ஆகியிருக்கலாம். ஐயாயிரம் ஆட்டம் உள்ள ஜாமில் பெரும்பாலானவை இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும்போது, நடுக்கூட்டத்தில் அந்த 0.2 எழுநூறு எண்ணூறு இடத்தை மாற்றிவிடும். மேலே பத்துப் பேரும் கீழே பத்துப் பேரும் உண்மையிலேயே வேறு மாதிரிதான். நடுவில் 1,900க்கும் 2,500க்கும் வித்தியாசம் தேடுவதில் பொருளில்லை.

சராசரி ஒன்றை மறைத்தும் விடுகிறது. பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 போட்ட ஆட்டமும், எல்லோரும் 3 போட்ட ஆட்டமும் ஒரே எண்ணில் நிற்கும். எழுத்தாலேயே ஆடும் ஆட்டங்களுக்கு 1995 முதல் நடக்கும் ஐஎஃப்காம்ப் போட்டியில் இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒன்று முதல் பத்து வரை மார்க். குறைந்தது ஐந்து ஆட்டத்துக்காவது போட வேண்டும், முதல் இரண்டு மணி நேர விளையாட்டை வைத்தே போட வேண்டும். எந்த ஆட்டத்துக்கு வந்த மார்க்குகள் மிக அதிகமாகச் சிதறிக் கிடக்கின்றனவோ, அதற்குத் தனியாகப் ‘பொன் வாழைப்பழம்’ என்று ஒரு விருது உண்டு. சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகவே ஆகாது என்ற வகை ஆட்டத்துக்குப் பட்டியலில் ஒரு இடம்! நம் ஜாம்களிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

மரவட்டை எழுதியது:

2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் தரவரிசையே கிடையாது, அது போட்டியே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். விசைப்பலகை, திரும்பி வர மனம் இருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். உங்களை இழந்தது அந்த ஜாமுக்குத்தான் நஷ்டம், மூன்று ஒற்றை நட்சத்திரத்துக்காக நீங்கள் ஆட்டம் செய்வதை விட வேண்டாம்.

ஜாமில் தொடங்கிய ஆட்டங்கள் பிறகு வளர்ந்து எங்கெங்கோ போயிருக்கின்றன. சூப்பர்ஹாட் 2013இல் ஏழு நாள் ஜாம் ஒன்றில் செய்தது. இன்ஸ்கிரிப்ஷனுக்கு விதை 2018 டிசம்பர் லூடம் டேரில் விழுந்தது. பாபா இஸ் யூ 2017 நோர்டிக் கேம் ஜாமில் வென்றது. இதில் வென்றது என்பதால் வளர்ந்ததும் உண்டு, செய்தவருக்கு அந்த யோசனையை விட மனமில்லாமல் வளர்ந்ததும் உண்டு.

ராக்கோழி, உங்கள் ஒன்பது கமென்ட்டையும் ஒரே மூச்சில் படித்தீர்களா? என்ன சொல்லியிருக்கிறார்கள்?

ராக்கோழி எழுதியது:

அக்கா, இப்போதுதான் ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். அப்போது “அருமை”, “சூழல் பிரமாதம்” என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆறு பேர் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். திரியை மவுஸ் சக்கரத்தில் வைத்திருந்தேன். மடிக்கணினியில் விரலால் தேய்ப்பவர்களுக்குத் திரி ஒரேயடியாக ஏறி எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. “என்னால் இரண்டாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை, ஆனாலும் அழகு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் நாலு நட்சத்திரம் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன், ஆட்டத்தில் பாதியைக்கூடப் பார்க்காமல்.

வாக்களிப்பு முடிந்துவிட்டதால் இப்போது புதுக் கோப்பு ஏற்றலாம். மேல், கீழ் அம்புக்குறிக்குத் திரியை மாற்றிவிட்டேன். இசை எல்லாம் ஓஜிஜி, மொத்தம் 31 எம்பி. அந்த டிக் பெட்டியைப் போட்டேன், பிரவுசரில் ஓடுகிறது. தொடங்கு பொத்தானும் இருக்கிறது. இனி ரேட்டிங் எதுவும் வராது, இருந்தாலும் நேரம் இருப்பவர்கள் ஒருமுறை விளையாடிச் சொல்லுங்கள். நானும் அந்த ஜாமிலிருந்து தினம் இரண்டு ஆட்டம் விளையாடி எழுதலாம் என்று தொடங்கியிருக்கிறேன், நேற்று இரண்டு முடித்தேன்.

மரவட்டை எழுதியது:

விளையாடினேன். ஃபயர்பாக்ஸில் சிக்கலில்லாமல் ஓடியது. இரண்டாம் கட்டத்தில் பனைமரங்களுக்கு நடுவே காற்று திசை மாறும் இடத்தில் திரியை முழுதாக இறக்கி, இருட்டில் சத்தத்தை மட்டும் வைத்து நடந்தேன். ஆட்டத்திலேயே நல்ல இடம் அதுதான், அதை இன்னும் நீட்டலாம்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு பிழை. பாலத்தில் விழுந்து மறுபடி தொடங்கும்போது எண்ணெய் நிரம்புகிறது, ஆனால் திரி பழைய அளவிலேயே நிற்கிறது. மூன்று தடவை விழுந்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான்.

விசைப்பலகை எழுதியது:

எனக்கும் அந்தப் பாலத்தில் அதே பிழை வந்தது, குரோமில். திரி முழுதாக ஏறியிருக்கும்போது விழுந்தால் மட்டும். பாதியில் இருக்கும்போது விழுந்தால் சரியாக இருக்கிறது.